புதுப்பிப்பு: ஒருக்களித்துப் படுக்க இயர்பட்ஸ்

கோயில் கொடைத் திருவிழா வந்தால் எங்கள் தெருவில் மைக் செட்டு விடிய விடிய அலறும், ஒருக்களித்துப் படுக்கிறவனுக்கு எந்த இயர்பட்ஸ் தோது என்று கேட்டிருந்தேன் இல்லையா, சவுண்ட்கோர் ஸ்லீப் ஏ20 வாங்கியாச்சு. தண்டு கிடையாது, காதுக்குள் மட்டமாக அடங்குவதால் தலையணையில் அழுந்தினாலும் குத்தவில்லை. கூட வரும் சிலிக்கான் முனைகளில் சின்னதுதான் எனக்குச் சேர்ந்தது, பெரியதைப் போட்டால் விடியும்போது காது விண்ணென்று தெறிக்கிறது. இதில் நாய்ஸ் கேன்சலிங் (எதிர் ஒலி எழுப்பி வெளிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி) இல்லை; காதை அடைத்து, மேலே மழைச் சத்தத்தை ஓட்டி மறைக்கும், அவ்வளவுதான். அந்த வசதி இருந்தாலும் ஃபேன் இரைச்சல் மாதிரி சீரான சத்தத்துக்குத்தான் நன்றாக எடுபடும், திடீர் திடீரென்று விழுகிற நையாண்டி மேளத்துக்கு அவ்வளவாக எடுபடாது. அம்மாவுக்கு வேறு கவலை: "ஏல, காலைல கூப்பிட்டா கேக்குமா?" அலாரம் காதுக்குள்ளேயே அடிக்கும்மா. சத்தத்தை அடைத்தால் போதும், பாட்டு வேண்டாம் என்பவர்கள் முதலில் மருந்துக்கடையில் ஃபோம் இயர்பிளக் வாங்கிப் பாருங்கள்.