ஆறு நாடா, நான்கு நாடா?

கயல்: எல்லோருக்கும் வணக்கம். 2027 ஜனவரிப் பயணம் உறுதியாகிவிட்டது. நான், தம்பி முகில், என் தோழிகள் மூன்று பேர். நான்கு வாரம். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா. முதுகில் ஒரு பை, குறைந்த செலவு. போய்வந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்.

அம்மா: ஆறு நாடா? மூச்சு விட நேரம் இருக்குமா கண்ணு?

முகில்: குறைந்த விலை விமானம் இருக்கிறதே அம்மா. இரண்டு மணி நேரத்தில் அடுத்த நாடு.

சித்தப்பா: அந்த இரண்டு மணி நேரம் வானத்தில் மட்டும்தான் முகில். விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி ஊருக்குள் வருவது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்தச் சீட்டுகளில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைதான் சேர்த்தி. பை கொஞ்சம் கனத்தால் வாசலில் நிறுத்திக் கூடுதல் பணம் கேட்பார்கள்.

சித்தப்பா: அந்தப் பக்கம் தங்குவதும் சாப்பிடுவதும் மலிவு. செலவு வைப்பது இடம் மாறுவதுதான். ஒவ்வொரு எல்லைக்கும் வண்டிக்குப் பணம், நோட்டு மாற்றுவதில் நஷ்டம், புது சிம், பல இடங்களில் விசாவுக்கும் பணம். கூடவே ஒரு நாளும் போகும். காசு மிச்சமாக வேண்டும் என்றால் முதலில் நாடுகளைக் குறையுங்கள். படுக்கையையும் சாப்பாட்டையும் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தேவி அக்கா: சித்தப்பா சொல்வது சரி. மலேசியாவும் இந்தோனேசியாவும் தனியாக இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

முகில்: பாலி போகலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே.

கயல்: அது எங்கே போய்விடப் போகிறது முகில். சரி சித்தப்பா, நான்கு நாடு என்றால் எந்த வழி?

சித்தப்பா: பாங்காக்கில் இறங்குங்கள். இரவு ரயிலில் சியாங் மாய், அங்கிருந்து பேருந்தில் சியாங் கோங். அங்கே மீகாங் ஆற்றின் மேல் 2013இல் திறந்த பாலம் இருக்கிறது. தாண்டினால் லாவோஸ் பக்கம் ஹுவாய் சாய். அங்கே ஸ்லோ போட் என்ற மெதுவாகப் போகும் பயணிகள் படகில் ஏறினால் இரண்டு நாளில் லுவாங் பிரபாங். இரவில் படகு ஓடாது. நடுவே பாக்பெங் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்க வேண்டும்.

சித்தப்பா: படகு நீளமாக இருக்கும். பழைய வேன் இருக்கைகளைக் கழற்றிக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். இன்ஜின் பின்பக்கம். அதன் பக்கத்தில் இடம் கிடைத்தால் இரண்டு நாளும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் சீக்கிரம் போய் முன்பக்கம் உட்காருங்கள். வழியில் ஒரு மணல் திட்டில் படகை ஒட்டுவார்கள், இரண்டு அரிசி மூட்டையை இறக்கிவிட்டு ஒரு பாட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். வேகப்படகு என்று ஒன்று உண்டு, ஒரே நாளில் போய்விடும். ஆற்றில் பாறை அதிகம், விபத்துகள் நடந்திருக்கின்றன. அதில் ஏறாதீர்கள்.

அம்மா: வேகப்படகு வேண்டவே வேண்டாம்.

கயல்: சரி அம்மா.

சித்தப்பா: லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியான் வரை ரயில். 2021 டிசம்பரில் தொடங்கிய லாவோஸ்–சீனா ரயில் பாதை அது. மலைப்பாதையில் பேருந்தில் நாள் முழுக்கப் போன தூரம் இப்போது இரண்டு மணி நேரம்தான். நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். கத்தி, ஸ்பிரே டப்பா இருந்தால் எடுத்துவிடுவார்கள். நடுவே வாங் வியங்கில் இறங்கிக்கொள்ளலாம்.

தேவி அக்கா: வாங் வியங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் என்ற நச்சுப் பொருள் கலந்த மதுவால் சுற்றுலா வந்த ஆறு பேர் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. யார் இலவசமாகக் கொடுத்தாலும் குடிக்கக் கூடாது என்று தோழிகளிடமும் சொல்லிவை. இன்னொன்று. லாவோஸில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணில் கிடக்கின்றன. நடைபாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகக் கூடாது.

கயல்: குறித்துக்கொண்டேன் அக்கா. வியன்டியானிலிருந்து வியட்நாமின் ஹனோய்க்குப் பேருந்து இருக்கிறதே?

சித்தப்பா: இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். இந்த ஓர் இடத்தில் மட்டும் விமானம் எடுங்கள், ஒரு மணி நேரம்தான். வியட்நாம் இ-விசா விண்ணப்பத்தில் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். அதனால் பேருந்தா விமானமா என்பதை முடிவு செய்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள்.

சித்தப்பா: வியட்நாமில் ரயில்தான். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகர் வரை 1,726 கிலோமீட்டர் பாதை. ஒரே மூச்சில் போக வேண்டாம். ஹனோயில் இரவு ஏறினால் காலையில் ஹுவே, ஓர் இரவு அறை வாடகை மிச்சம். ஆறு படுக்கைப் பெட்டியில் மேல் படுக்கை விலை குறைவு, ஆனால் அதில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஹுவேயிலிருந்து தா நாங் போவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாய் வான் கணவாயில் ரயில் கடலை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம்.

முகில்: அந்தப் பகுதியை பைக்கில் போகலாம் என்று பார்த்தேன் சித்தப்பா.

தேவி அக்கா: முகில், உன்னிடம் இரு சக்கர வாகன உரிமம் இருக்கிறதா, அது அங்கே செல்லுமா என்று முதலில் பார். வியட்நாம் 1968 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைத்தான் ஏற்கிறது. 1949 உடன்படிக்கைப்படி தரும் அனுமதி அங்கே செல்லாது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாகப் பணம் தராது. கால் முறிந்தால் மொத்தப் பயணச் செலவையும் மருத்துவமனை வாங்கிக்கொள்ளும்.

முகில்: சரி அக்கா, ரயிலிலேயே போகிறேன்.

அத்தை: அங்கே ஒரு புத்தாண்டு வருமே, எல்லாம் மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சித்தப்பா: ஆமாம் அக்கா, டெட். 2027இல் பிப்ரவரி 6. அதற்கு முந்தைய வாரம் நாடே ஊருக்குத் திரும்பும், ரயிலில் இடம் கிடைக்காது. கயல், ஜனவரி முதல் வாரமே கிளம்பி, 28ஆம் தேதிக்குள் வியட்நாமை விட்டு வெளியே வந்துவிடு. அப்புறம் ஹோ சி மின் நகரிலிருந்து பேருந்தில் புனோம் பென், கடைசியாகச் சியம் ரீப்.

முகில்: அங்கிருந்து பேருந்தில் பாங்காக் திரும்பினால், போகவர ஒரே சீட்டு எடுத்துவிடலாம். அதுதான் விலை குறைவாகக் காட்டுகிறது.

சித்தப்பா: அதை மட்டும் செய்யாதே. தாய்லாந்து–கம்போடியா தரை எல்லையை 2025 ஜூனில் மூடினார்கள், ஜூலையில் அங்கே சண்டையே நடந்தது. அந்த வழியை நம்பிச் சீட்டு எடுத்தால், கடைசி நாளில் புது விமானச் சீட்டு வாங்க வேண்டிவரும். பாங்காக்கில் இறங்குவது, சியம் ரீப்பில் ஏறுவது என்று மல்டி சிட்டி சீட்டாகத் தேடு. சியம் ரீப்பின் புது விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கிளம்பும் நேரத்தில் அதையும் கணக்கில் வை.

கயல்: சியம் ரீப் பக்கத்து அங்கோர் கோயில்களுக்கு எத்தனை நாள் சித்தப்பா?

சித்தப்பா: ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. மூன்று நாள் சீட்டை எடுத்தால் பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போகலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. கோயிலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள். இதில் மிச்சம் பிடிக்காதே. கம்போடியாவில் டாலரே செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள்.

கயல்: ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்களில் ஒருத்தியால் அதிகம் செலவழிக்க முடியாது. வாய் திறந்து சொல்ல மாட்டாள். எல்லோரும் போகும் இடத்துக்குக் கடன் வாங்கியாவது வந்துவிடுவாள்.

தேவி அக்கா: அவளைத் தனியாகக் கேட்காதே, கூனிக் குறுகிப் போவாள். ஐந்து பேரும் தங்களால் முடிந்த உச்சத் தொகையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி மடித்துப் போடுங்கள். எது மிகக் குறைவோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். மேலே வசதி வேண்டும் என்பவர்கள் தங்கள் கைக்காசில் செய்துகொள்ளட்டும், அவளைக் கூட இழுக்காமல். நண்பர்கள் நடுவே மனஸ்தாபம் வருவதே இந்த இடத்தில்தான், அதனால் கிளம்பும் முன்பே பேசி முடி.

தேவி அக்கா: பொதுச் செலவுக்கு ஒரு தனிப் பர்ஸ் வையுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் இறங்கியதும் ஐவரும் சமமாகப் போட்டு அறை, வண்டி எல்லாம் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். பர்ஸ் காலியாகும் வேகத்தை எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. அந்த மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

கயல்: இது நல்ல வழி அக்கா. இன்றைக்கே அவர்களிடம் சொல்கிறேன்.

அம்மா: தினமும் இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று இங்கே போட்டுவிடு. ஒரு வரி போதும். படகில் சிக்னல் இருக்காது என்றால் முந்தின நாளே சொல்லிவிடு, நான் காத்திருக்க மாட்டேன்.

கயல்: கட்டாயம் அம்மா. முகிலும் போடுவான்.

அத்தை: நாய், குரங்கு எது கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

சித்தப்பா: தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. பவர்பேங்க் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சித்தப்பா: சீட்டு எடுக்கும் முன் ஐவருடைய பாஸ்போர்ட்டையும் பார். திரும்பும் நாளுக்கு அப்புறமும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

முகில்: என்னுடையது 2027 மே மாதம் முடிகிறது.

சித்தப்பா: அப்படியானால் நாளைக்கே புதுப்பிக்க விண்ணப்பம் போடு. புது எண் வந்த பிறகுதான் விசா. கயல், அதுவரை நீயும் விண்ணப்பிக்காதே, எல்லோருக்கும் சேர்த்துப் போடு.

கயல்: சரி சித்தப்பா. பாஸ்போர்ட் படங்களை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், குழுவில் போடவில்லை.