9 டாலர் டாங்கிளும் மோஜோ 2-உம்: காதுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா?

#1 கூழாங்கல்

வணக்கம். புதுப் போனில் ஹெட்போன் ஜாக் இல்லை. கையில் இருப்பது சென்ஹைசர் எச்டி 650, 300 ஓம். கூடவே ஐந்து டிரைவர் (ஒலியெழுப்பும் சிறு அலகு) கொண்ட, காதுக்குள் போடும் இயர்போன் ஒன்று. கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள்.

ஆப்பிளின் டைப்-சி டாங்கிள், அதாவது போனில் செருகி ஹெட்போனை மாட்டும் சின்ன மாற்றி, 9 டாலர். அதே வேலையைச் செய்யும் கையடக்கப் பெட்டியான கோர்டு எலக்ட்ரானிக்ஸின் மோஜோ 2 கிட்டத்தட்ட 450 பவுண்டு. கடையில் இரண்டையும் மாட்டிக் கேட்டேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றார் கடைக்காரர். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: விலை ஏற ஏற ஒலியும் ஏறுமா?

#2 ஓம்விதி

கடையில நீங்க கேட்ட வித்தியாசம் பொய் இல்லை. அது எதனால வந்ததுங்கிறதுதான் கேள்வி. ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தா கேட்டீங்க? ஒண்ணு அரை டெசிபெல் கூடுதலா இருந்தாலே போதும். காது அதை "சத்தம் ஜாஸ்தி"ன்னு எடுத்துக்காது. "தெளிவு ஜாஸ்தி, அடிச்சுருதி நல்லா நிக்குது"ன்னுதான் எடுத்துக்கும். ஒப்பிடணும்னா 0.1 டெசிபெல்லுக்குள்ள சமன் செய்யணும். கடையில யாரும் அதைச் செய்யறதில்லை.

டாங்கிளோட இரைச்சலும் சிதைவும் சேர்ந்தே சிக்னலுக்கு 99 டெசிபெல் கீழே கிடக்கு. சிடியோட 16 பிட்டுக்கு ஏட்டுக்கணக்குல கிடைக்கிறதே 98தான். மோஜோ இதைவிடவும் சுத்தம், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு கண்ணாடியையும் துடைச்சு வச்சிருக்கும்போது எது அதிகமாத் துடைச்சதுன்னு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவருக்குத் தெரியாது.

என் கருத்து: டாங்கிளை வாங்குங்க, மிச்சக் காசை அடுத்த ஹெட்போனுக்கு வைங்க.

#3 தம்புராக்காது

ஓம்விதி தம்பி, அளவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடமாகத் தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். மந்தரத் தந்தியை மீட்டினால், ஜீவாளி நூல் சரியாக அமைந்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும். அது கேட்டால்தான் எனக்குத் தம்புரா தம்புராவாக இருக்கும். என் வீட்டில் ஒரே பதிவை, ஒரே எச்டி 650-இல், இரண்டிலும் கேட்டேன். மோஜோ 2-இல் அந்தக் காந்தாரம் பாட்டுக்குப் பின்னால் மிதந்துகொண்டே இருந்தது. டாங்கிளில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, மந்தரமும் மெலிந்துவிட்டது.

மோஜோவின் உள்ளே சந்தையில் கிடைக்கும் ஆயத்த டாக் சில்லு, அதாவது பதிவின் எண்களை ஒலிச் சிக்னலாக்கும் சில்லு, கிடையாது. அதை வடிவமைத்த ராப் வாட்ஸ் எஃப்பிஜிஏ என்னும் நிரல்படுத்தும் சில்லில் தன் சொந்த வடிப்பானையே எழுதி வைத்திருக்கிறார். எழுத்து எழுத்தாக உழைத்தவரின் வேலையை ஒரே ஒரு எண்ணால் அளந்து "சமம்" என்று முடிப்பது சரியாகப் படவில்லை.

#4 ஓம்விதி

ஐயா, நீங்க சொன்ன காந்தாரத்தையே எடுத்துக்குவோம், நல்ல உதாரணம். ஒரு கட்டை சுருதின்னா மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் பக்கம். அதோட ஐந்தாவது மடங்குதான் உங்க அந்தர காந்தாரம், அதாவது 327 ஹெர்ட்ஸ். நடுக்குரல் பேசுற இடம் அது. அந்த அலைவரிசையில தடுமாறுற டாக் சில்லு இன்னைக்கு எந்த விலையிலும் கிடையாது.

ஆனா சத்தம் குறைஞ்சா என்ன ஆகும்? 1933-லயே ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியிருக்காங்க: சத்தத்தைக் குறைச்சா நம்ம காது கீழ்ஸ்தாயியைத்தான் முதல்ல விட்டுடும். 65 ஹெர்ட்ஸ் மெலியும். மெல்லிசான மேலொலிகள் பாட்டுக்கு அடியில போயிடும். நீங்க எழுதினது அப்படியே அதுதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தவறா எடுத்துக்காதீங்க. டாங்கிளை எந்தப் போன்ல செருகிக் கேட்டீங்க?

#5 தம்புராக்காது

ஆண்ட்ராய்டு போன். வால்யூம் முழுவதும் ஏற்றித்தான் வைத்திருந்தேன்.

#6 புதினா டப்பா

அண்ணே, அங்கதான் இருக்கு விஷயம். நானும் இதுல மாட்டிக்கிட்டு ரெண்டு வாரம் முழிச்சேன். நிறைய ஆண்ட்ராய்டு போன்கள்ல ஆப்பிள் டாங்கிளைச் செருகினா, போன் திரையில வால்யூம் நிறைஞ்சு இருக்கும், டாங்கிளுக்கு உள்ளே இருக்கிற வால்யூம் முழுசாத் திறக்காது. ரெண்டும் வேற வேற. யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி ஒரு செயலி நேரா டாங்கிள்கிட்ட பேசி அதைத் திறக்கும். ஐபேட்லயோ மடிக்கணினியிலயோ செருகினா இந்தச் சிக்கலே வராது.

அந்தச் செயலிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆண்ட்ராய்டு தன்னோட கலவைக்குள்ள எல்லாப் பதிவோட மாதிரி வேகத்தையும் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்த எண்கள்ங்கிறது) பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தித்தான் வெளிய விடும். சிடி பதிவு 44.1. மாத்தாம விடற வழி 2023-ல வந்த ஆண்ட்ராய்டு 14-லதான் சேர்ந்தது, அதையும் செயலி கேட்டு வாங்கணும்.

இன்னும் ஒண்ணு. டாங்கிள்லயே ரெண்டு வகை இருக்கு. அமெரிக்க விற்பனைக்கு வர்றது 1 வோல்ட் வரை குடுக்கும். ஐரோப்பாவுக்கு வர்றது அரை வோல்ட்தான், அங்க சத்த வரம்புச் சட்டம் இருக்கு. ரெண்டுக்கும் 6 டெசிபெல் இடைவெளி. யாராவது ஊர்ல இருந்து வாங்கிட்டு வந்து குடுத்தா மாடல் எண்ணைப் பாருங்க: ஏ2049 முழு வோல்ட், ஏ2155 அரை வோல்ட்.

#7 கூழாங்கல்

அந்த ஒரு வோல்ட் என் எச்டி 650-க்குப் போதுமா? 300 ஓமுக்குத் தனி ஆம்ப் (சிக்னல் பெருக்கி) இல்லாமல் முடியாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

#8 ஓம்விதி

கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல்னு சென்ஹைசரே குறிச்சிருக்கு. 300 ஓம்ல 1 வோல்ட்னா 3.3 மில்லிவாட்தான். நீங்க சராசரியா 78 டெசிபெல்ல கேக்கறீங்க, தனி ஆவர்த்தனத்துல மிருதங்க அடி அதுக்கு மேல 20 ஏறுதுன்னு வச்சுக்குங்க. 98 ஆச்சு. 1 வோல்ட் டாங்கிள்ல இன்னும் 5 மிச்சம். அரை வோல்ட் டாங்கிள்ல 97-லயே நின்னுடும். பழைய கச்சேரிப் பதிவுகள் தாழ்வாப் பதிவானவை, அதுக்கு அரை வோல்ட் நிச்சயமாப் பத்தாது. டிராகன்ஃபிளை ரெட்னு இன்னொரு டாங்கிள் 2.1 வோல்ட் குடுக்குது, அது இன்னொரு 6 டெசிபெல். அதுக்கு மேல உங்களுக்குத் தேவையே வராது.

300 ஓம்னதும் பயப்பட வேண்டாம். நிஜமாவே ஆம்பைப் பிழியறது ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி ஹெட்போனுங்க. ஓம் 50தான், ஆனா ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். அதுக்கு 1 வோல்ட் குடுத்தா 97-ஐக்கூடத் தொடாது.

#9 நாலுமுனை

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஓட்டை (இரண்டு காதுக்கும் தனித்தனி கம்பி இணை) உள்ளதை வாங்குங்கள் என்று யாருமே சொல்லவில்லையே? ஒரே டாங்கிளில் 3.5 ஓட்டையிலும் 4.4 ஓட்டையிலும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். 4.4-இல் ஒலி மேடையே விரிந்துவிடும்.

#10 ஓம்விதி

பேலன்ஸ்டு ஓட்டையில வோல்டேஜ் ரெண்டு மடங்கு. அதாவது 6 டெசிபெல் கூடுதல் சத்தம். வால்யூமைத் தொடாம ஓட்டையை மட்டும் மாத்தினா விரியத்தான் செய்யும். வோல்ட் தேவைப்படுற ஹெட்போனுக்கு அது நல்ல வசதி. விரிவுக்காக அதை வாங்க வேண்டாம்.

#11 தம்புராக்காது

புதினா டப்பா சொன்னபடி அந்தச் செயலியைப் போட்டு மறுபடி கேட்டேன். எழுதத்தான் வேண்டும்: காந்தாரம் டாங்கிளிலும் வந்துவிட்டது. மந்தரம் பழையபடி நிமிர்ந்தது. முன்பு நான் எழுதியது டாங்கிளின் குறை அன்று, என் போனின் குறை. அந்த அளவில் ஓம்விதி சொன்னது சரி.

ஆனால் இத்தோடு வழக்கு முடிந்தது என்று நான் ஒப்பவில்லை. மூன்று மணி நேரக் கச்சேரியை மோஜோவில் கேட்டு முடிக்கும்போது காது களைப்பதில்லை. டாங்கிளில் இரண்டாவது மணியில் கழற்றி வைக்கத் தோன்றுகிறது. பத்து விநாடித் துணுக்கை மாற்றி மாற்றிக் கேட்கும் சோதனைக்கு இது அகப்படாது. ஆய்வுகளிலும் ஒருபக்கச் சாட்சி மட்டும் இல்லை. 2016-இல் ஜோஷ்வா ரைஸ் 18 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். சிடி தரத்தையும் அதற்கு மேற்பட்ட தரத்தையும் கேட்டவர்கள் சரியாகப் பிரித்தறிந்தது 52.3 சதவீதத் தடவைகள். பயிற்சி பெற்றவர்களிடம் அது 60-ஐ ஒட்டி உயர்ந்தது. பயிற்சி பெற்ற காது என்று ஒன்று உண்டு என்றுதானே அதற்குப் பொருள்?

#12 ஓம்விதி

உங்க காதுல பயிற்சி இல்லைன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா அந்த 52.3-ஐப் பாருங்க. நாணயம் சுண்டினாலே 50. 2007-ல மேயரும் மொரானும் 554 தடவை கேக்க வச்சாங்க, சரியாச் சொன்னது 276, அதாவது 49.8 சதவீதம். ரெண்டு ஆய்வும் பதிவுத் தரத்தைப் பத்தினது, சாதனங்களைப் பத்தினது இல்லை. இருந்தாலும் ரெண்டுலயும் எனக்குப் படறது ஒண்ணுதான்: வித்தியாசம் இருந்தாலும் அது மலையும் மடுவும் இல்லை. 450 பவுண்டைப் புதுசாச் செலவு பண்ணப் போறவருக்கு அதைச் சொல்லியே ஆகணும்.

டாக் எல்லாமே ஒண்ணுதான்னும் நான் சொல்லலை. வடிப்பான் இல்லாத பழைய பாணி டாக் ஒண்ணு உண்டு. 44.1 பதிவுல 20 கிலோஹெர்ட்ஸ் வர்றப்போ அது 3 டெசிபெல் சரிஞ்சிடும். இளங்காது அதைப் பிடிக்கும். மோஜோ 2-ல ஒலியைத் திருத்துற வசதியும் ரெண்டு காதையும் கலக்குற கிராஸ்ஃபீடும் இருக்கு. அதுல ஏதாவது ஒண்ணு திறந்திருந்தா களைப்பு குறையலாம். உங்களோடதுல எல்லாம் அணைஞ்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

#13 புதினா டப்பா

ரெண்டு பேரும் எச்டி 650-லயே நிக்கிறீங்க. கூழாங்கல் தம்பிகிட்ட அஞ்சு டிரைவர் இயர்போனும் இருக்கு. வித்தியாசம் நிஜமாவே காதுல அறையற இடம் அதுதான்.

நான் முதல்ல செஞ்ச ஆம்ப் சிமாய், சூ மாய் போட்ட வரைபடம். புதினா மிட்டாய் டப்பாவுக்குள்ள 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆபாம்ப் (பெருக்கிச் சில்லு), நாலஞ்சு கெப்பாசிட்டர். டப்பாவைப் பத்து தடவை மூடித் திறந்து செஞ்சது, அதான் எனக்கு இந்தப் பேரு. அப்புறம் 2011-ல பேர் சொல்லாத ஒருத்தர் வெளியிட்ட ஓ2 ஆம்பையும் செஞ்சேன். ரெண்டும் இப்பவும் மேஜையில இருக்கு.

என் சிமாய்ல அலைவு வரக்கூடாதுன்னு வெளியீட்டுல 10 ஓம் தடை போட்டிருந்தேன். பல டிரைவர் இயர்போன் ஒண்ணை அதுல மாட்டினேன். குரல் மேல துணி போட்டு மூடின மாதிரி ஆச்சு. காரணம் இதுதான். அந்த மாதிரி இயர்போன்ல இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டுற எதிர்ப்பு, ஒரே அளவுல நிக்காது. ஒரு அலைவரிசையில 8 ஓம், இன்னொண்ணுல 40 ஓம்னு வச்சுக்குங்க. 10 ஓம் தடை முன்னாடி இருந்தா, 8 ஓம் இருக்கிற இடத்துல சத்தம் 7 டெசிபெல் விழும், 40 இருக்கிற இடத்துல 2தான் விழும். ரெண்டுக்கும் நடுவுல 5 டெசிபெல் கோணல். கண்ணைக் கட்டிக்கிட்டாலும் யாரும் கண்டுபிடிப்பாங்க. தடை 1 ஓம்னா அதே கோணல் 0.8 டெசிபெல்தான். ஆப்பிள் டாங்கிள் அந்த 1 ஓம் பக்கம்தான். அதனால வாங்கறதுக்கு முன்னாடி டாக் சில்லு பேரைக் கேக்காதீங்க, அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டுல இருக்கிற அந்தத் தடை) என்னன்னு கேளுங்க.

இரைச்சலும் அப்படித்தான். ஓ2-ல கெயினை (பெருக்குற அளவை) ஏத்தி அதே இயர்போனை மாட்டினா பாட்டு நின்ன இடத்துல "உஸ்"ஸுன்னு கேக்கும். வால்யூம் குமிழைக் கீழே வச்சா இடது காது ஒரு அளவு, வலது காது ஒரு அளவு. 300 ஓம் ஹெட்போனுக்கு அருமையான ஆம்ப் அது, இதுக்கு ஆகாது.

#14 தம்புராக்காது

மோஜோவைப் பார்த்தேன். கிராஸ்ஃபீடு திறந்துதான் இருந்தது, ஒரு படி. எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. இப்போது அணைத்துவிட்டேன். களைப்பு பற்றி இன்று எதுவும் சொல்ல மாட்டேன், ஒரு மாதம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். அவசரமாக மாற்றி மாற்றிக் கேட்கும் சோதனை மீது எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் முகத்துக்கு முகம் வைத்துச் செய்வதானால் வருகிறேன். நிபந்தனை இரண்டு: பதிவு என்னுடையது, துணுக்கின் நீளத்தை நான் தீர்மானிப்பேன்.

#15 ஓம்விதி

ரெண்டுக்கும் சம்மதம் ஐயா. 16 தடவை. 12 அல்லது அதுக்கு மேல சரியாச் சொன்னா நான் இங்கேயே வந்து "கேக்குது"ன்னு எழுதறேன். குருட்டாம்போக்குல 12 வர்றதுக்கு நூத்துக்கு நாலு வாய்ப்புக்கூடக் கிடையாது. மாத்துறவர் எந்தச் சாதனத்தைப் போட்டிருக்காருன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது.

#16 புதினா டப்பா

சமன் செய்ய 1000 ஹெர்ட்ஸ் தொனி எடுத்துட்டு வராதீங்க. சாதாரண மல்டிமீட்டர் ஏசி பக்கம் 400 ஹெர்ட்ஸுக்கு மேல தப்புத்தப்பாக் காட்டும். 100 ஹெர்ட்ஸ் தொனி போதும், ஹெட்போனை மாட்டின நிலையிலேயே அளக்கணும். மாத்துற பெட்டியை நான் செஞ்சு கொண்டு வர்றேன். ரெண்டு ரிலே, ஒரு டப்பா, "டிக்" சத்தம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற மாதிரி.

#17 கூழாங்கல்

நண்பரிடம் ஏ2049 டாங்கிள் ஒன்றை இரவல் வாங்கிச் செயலியைப் போட்டுக் கேட்டேன். எச்டி 650-இல் 1968-ஆம் வருடப் பதிவு ஒன்றுக்கு மட்டும் முழு வால்யூம் தேவைப்பட்டது, மற்றதெல்லாம் முக்காலிலேயே போதும். ஐந்து டிரைவர் இயர்போனில் இரைச்சல் துளியும் இல்லை. நேற்று டாங்கிள் வாங்கிவிட்டேன். தாழ்ந்த பதிவுகளுக்காக 2 வோல்ட் தரும் ஒன்றையும் பிறகு பார்க்கிறேன், அவுட்புட் இம்பீடன்ஸைக் கேட்டுவிட்டு.

சோதனைக்கு என் ஹெட்போனைத் தருகிறேன், நானும் வரலாமா? மாற்றுகிறவராக உட்கார்ந்துகொள்கிறேன்.

#18 தம்புராக்காது

வாருங்கள் தம்பி. என் வீட்டு மாடியில் மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்ல அமைதி. காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்வோம், தெருவில் வண்டிச் சத்தம் தொடங்குவதற்கு முன்.