நினைவு நோட்டீசில் 'இஸ்லாமியப் பயங்கரவாதிகள்' என்று போடலாமா?

கல்லடியான்:
ஏப்ரல் 21 நினைவு நாளுக்கு அடித்த நோட்டீசில் அப்படித்தான் போட்டோம். மாற்றச் சொல்கிறார்கள். ஏன் மாற்ற வேண்டும்? 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் 14 பிள்ளைகள் உட்பட 31 பேர் செத்தார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள். கொன்றவன் மார்க்கத்தின் பெயரால்தான் கொன்றான். 'அசம்பாவிதம்' என்று மழுப்ப இது என்ன சூறாவளியா?

காத்தான்குடி வாசகன்:
மழுப்பச் சொல்லவில்லை அண்ணன். பயங்கரவாதத் தாக்குதல் என்றே எழுதுங்கள். தாக்குதல் குழுவின் தலைவன் சஹ்ரானின் பெயரையும் போடுங்கள், எங்கள் ஊரான்தான். அவனுடைய கூட்டம் 2017இல் முதலில் கைவைத்தது எங்கள் ஊர்ச் சூஃபிக்காரர்கள்மேல். 'இஸ்லாமிய' என்று போட்டால் அது என் உம்மாமேலும் விழுகிறது. தாக்குதலுக்கு அடுத்த மே மாதம் உம்மா கிளினிக் போக பஸ் ஏறினார். மருந்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். அவர் குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கும்போது பக்கத்து சீட்டில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். அதே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகளே எரிந்தன.

கல்லடியான்:
உம்மாவுக்கு நடந்தது பிழை தம்பி, மனதார சொல்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை எடுத்தால், பிள்ளைகளை வெடிக்க வைத்த போதனையைப் பற்றி யார் பேசுவது?

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
போதனையைப் பெயர் சொல்லியே பேசலாமே. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். அதை 'இந்துப் பயங்கரவாதம்' என்று எழுதியிருந்தால் நாம் பொறுத்திருப்போமா? 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பிறகு 'தமிழன்' என்றாலே சந்தேகம்தான். அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று கண்டதும் என் அண்ணனைக் கொழும்பில் லொட்ஜிலிருந்து இழுத்துப் போனார்கள். இன்னொன்று: 2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். ஊரையே குற்றவாளியாக்கினால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

கல்லடியான்:
சாய்ந்தமருது கதை சரிதான் ரீச்சர், அதை யோசிக்கிறேன். 'சஹ்ரான் குழுவினர்' என்று மாற்றுகிறோம். 'மார்க்கத்தின் பெயரால்' என்பதை மட்டும் எடுக்க மாட்டேன்.

காத்தான்குடி வாசகன்:
அதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் பேசுவோம்.