புதுப்பிப்பு: ஆஃப்டர் எஃபெக்ட்ஸா, ஃபியூஷனா? முடிவெடுத்துவிட்டேன்

கல்யாண வீடியோவில் அசையும் டைட்டில் செய்ய ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளை வாங்கலாமா, டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்குள் இருக்கும் ஃபியூஷன் பகுதியே போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஃபியூஷன்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு மாதச் சந்தா கட்டும் அளவுக்கு எனக்கு இன்னும் வேலை வரவில்லை. ஃபியூஷன் ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே கிடைக்கிறது.

முதல் வாரம் தலை சுற்றியது. படம், எழுத்து என்று லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பழகிய கைக்கு, நோடுகளை (ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் சிறு பெட்டிகள்) கோடிழுத்து இணைப்பது வேறு உலகம். ஒருநாள் மணமக்கள் பெயர் திரையில் வரவே இல்லை. அரை மணி நேரம் எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால், எழுத்துக்கான டெக்ஸ்ட் பிளஸ் நோடை, இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் நோடின் பச்சை முனையில் (மேலே தெரிய வேண்டியதற்கானது) செருகாமல் பின்னணி முனையில் செருகியிருக்கிறேன். பெயர் வீடியோவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது!

சரி, 8 ஜிபி ராமில் பிளேபேக் திணறுகிறது. சந்தாவுக்கு ஒதுக்கிய காசு கூடுதல் ராம் வாங்கத்தான்.