18650 செல்களில் செம்புப் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய முடியுமா?

மின்பேழை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மின்மிதிவண்டிகளுக்கான 36 வோல்ட் பேட்டரி பேக்குகளைச் சிறிய அளவில் கட்டிக் கொடுத்து வருகிறேன். ஒரு பேக்கில் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்கள் 40. பக்க இணைப்பில் நான்கு, தொடரில் பத்து. பட்டை 0.15 மில்லிமீட்டர் தடிமனும் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நிக்கல். நான்கு செல்களைச் சேர்க்க நீளவாக்கில் ஒரு பட்டை, அந்தக் குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குச் செல்ல ஓரத்தில் ஒரு பட்டை என்பதே நான் பின்பற்றும் அமைப்பு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதிகபட்சமாக 20 ஆம்பியர் இழுக்கும்.

மேட்டுச் சாலையில் அதிகம் ஓடிய ஒரு பேக் சூடாகிறது என்று திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தபோது, குழுக்களை இணைக்கும் பட்டைகளின் மேலிருந்த காப்புத் தாள் பழுப்பேறியிருந்தது. செம்பு மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதால் அதே தடிமனில் செம்புப் பட்டையைப் போட்டுப் பார்த்தேன். நிக்கலைக் கச்சிதமாகப் பிடிக்கும் அதே கெபாசிட்டர் வகை வெல்டிங் இயந்திரம், செம்பின் மேல் இரண்டு கறுத்த புள்ளிகளை மட்டும் விட்டுச் செல்கிறது. விரலால் நெம்பினாலே பட்டை வந்துவிடுகிறது. ஆற்றலைக் கூட்டினால், பட்டையைத் தொட்டு மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோடு முனைதான் செம்போடு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு வழி உண்டா? உருக்காமல் இணைக்கும் மீயொலி, உராய்வு முறைகள் சிறு பட்டறைக்கு ஒத்துவருமா?

உலைக்களம்:

கறுத்த புள்ளிகளும் முனை ஒட்டிக்கொள்வதும் ஒரே காரணத்தால் வருபவை. ஸ்பாட் வெல்டிங் எனப்படும் மின்தடைப் பற்றவைப்பில் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், நேரத்துக்கும் ஏற்பப் பிறக்கிறது. ஆகவே மின்தடை எங்கே அதிகமோ அங்கேதான் சூடு எழும். நமக்கு அது பட்டையும் செல்லின் கூடும் தொடும் இடத்தில் எழ வேண்டும். செம்பின் தன்மின்தடை சுமார் 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர்; நிக்கலுக்கு ஏறத்தாழ 7; செல்லின் கூடாகிய எஃகுக்கு 10-க்கு மேல்.

நீங்கள் பயன்படுத்தும் முறையில் இரண்டு முனைகளும் பட்டையின் ஒரே பக்கத்தில் அமர்கின்றன. ஒரு முனையில் இறங்கும் மின்னோட்டத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு: பட்டைக்குள்ளேயே நேராக அடுத்த முனைக்குப் போவது ஒன்று, பட்டையைத் துளைத்துக் கூட்டுக்குள் இறங்கி, அதன் வழியே சென்று மீண்டும் மேலேறுவது மற்றொன்று. பற்றவைப்பை உண்டாக்குவது இரண்டாவது பாதை மட்டுமே. நிக்கலில் கணிசமான பகுதி அவ்வழியே போகிறது. செம்பிலோ பெரும்பகுதி மேலோடேயே ஓடிவிடுகிறது. கொஞ்சம் பிறக்கும் வெப்பத்தையும் செம்பு இழுத்துப் பரப்பிவிடும். அதன் வெப்பக் கடத்துதிறன் நிக்கலைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்த நிலையில் எஞ்சியிருக்கும் பெரிய மின்தடை, எலக்ட்ரோடு முனையும் பட்டையும் தொடும் இடமே. முனையும் செம்பு, பட்டையும் செம்பு. ஆற்றலைக் கூட்டும்போது அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில் வியப்பில்லை.

நன்கு கடத்தாத உலோகத்துக்கு நன்கு கடத்தும் எலக்ட்ரோடு, நன்கு கடத்தும் உலோகத்துக்கு அவ்வளவாகக் கடத்தாத எலக்ட்ரோடு என்பது இத்துறையின் பழைய நடைமுறை. செம்புக்கு டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம் முனைகளைப் போடுவது அதனால்தான்: முனையே சூடேறி அந்த வெப்பத்தைச் செம்புக்குள் இறக்கும், உருகுநிலை மிக அதிகமாதலால் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் அதற்குத் தேவையான மின்னோட்டத்தைச் சிறிய இயந்திரங்கள் தருவதில்லை.

சில்லுச்சட்டை:

முனையை மாற்றாமலே ஒரு வழி உண்டு. செம்புப் பட்டையின் மேல் 0.1 அல்லது 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பூசிய எஃகுப் பட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்யுங்கள். மேலே எஃகு, நடுவில் செம்பு, கீழே கூட்டின் எஃகு என்றாகும்போது இரு புறமும் வெப்பம் பிறந்து நடுவிலுள்ள செம்பைச் சுட வைக்கிறது. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரிக்கும் மேல் வேண்டும்.

இதைவிட முக்கியமானது வெட்டுக்கீறல். இரண்டு முனைகளும் அமரும் இடங்களுக்கு நடுவே, செம்பிலும் மேல் எஃகிலும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளமான பிளவு ஒன்றை வெட்டிவிடுங்கள். குறுக்குப் பாதை அடைபடுவதால் மின்னோட்டம் கூட்டுக்குள் இறங்கியே ஆக வேண்டும். செல்களின் அமைப்புக்கேற்ப வெட்டிக் கடையில் கிடைக்கும் நிக்கல் பட்டைகளில் ஒவ்வொரு செல்லின் மேலும் காணப்படும் பிளவு அழகுக்காக வைத்ததன்று. செம்பு 0.1 மில்லிமீட்டரில் தொடங்குங்கள், 0.2-க்கு மேல் போக வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. செல்லின் அடித்தகடு கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். அதன் மறுபுறத்தில் உட்சுருளின் எதிர்மின் முனைப் பட்டை பற்றவைக்கப்பட்டிருக்கும்; சற்று மேலே இருக்கும் பாலிஎத்திலீன் பிரிப்புத்தாள் ஏறத்தாழ 130 டிகிரியில் உருகத் தொடங்கும். பல்ஸ் (ஒருமுறை பாய்ச்சும் மின்னோட்டம்) சில மில்லி விநாடிகளில் முடிவதால்தான் இந்த வேலை ஆபத்தில்லாமல் நடக்கிறது. பிடிக்கவில்லையே என்று நேரத்தை நீட்டாதீர்கள். முனையின் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சரிசெய்யுங்கள். புதிய அமைப்பை முதலில் தீர்ந்துபோன செல்லின் காலிக்கூட்டில் சோதித்து, பட்டையைக் குறடால் உரித்துப் பாருங்கள். புள்ளி இருந்த இடத்தில் பட்டை கிழிந்து அதன் துணுக்குகள் கூட்டோடு தங்கினால் நல்ல பற்றவைப்பு. பட்டை முழுதாக, வழவழப்பாக உரிந்து வந்தால் அது வெறும் ஒட்டல்.

கணக்கர்:

மேலே சொன்னவை சரியே. ஆனால் கேள்வி கேட்டவருக்குச் செம்பு தேவைதானா என்று யாரும் கேட்கவில்லை. 0.15 × 8 மில்லிமீட்டர் நிக்கல் பட்டையின் குறுக்குப்பரப்பு 1.2 சதுர மில்லிமீட்டர். ஒரு செல்லின் மையத்திலிருந்து அடுத்த செல்லின் மையம் வரை சுமார் 20 மில்லிமீட்டர் என்றால், அந்தத் துண்டின் மின்தடை ஏறத்தாழ 1.2 மில்லி ஓம். உங்கள் அமைப்பில் குழுவிலிருந்து குழுவுக்கு ஒரே பட்டை போவதால் 20 ஆம்பியர் முழுவதும் அதன் வழியே பாய்கிறது. அந்தச் சிறு துண்டில் மட்டும் அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வெப்பம். காற்றோட்டமில்லாமல் சுற்றி மூடிய பேக்குக்குள் காப்புத் தாளைப் பழுப்பாக்க அது போதும். ஓரத்துச் செல்லை நோக்கி மற்ற மூன்று செல்களின் மின்னோட்டமும் நீளப்பட்டையில் ஓடிவர வேண்டியிருப்பது வேறு.

அதற்குப் பதில் நான்கு செல்களிலிருந்தும் அடுத்த குழுவின் நான்கு செல்களுக்குத் தனித்தனியே பட்டை இழுத்தால் ஒவ்வொன்றிலும் 5 ஆம்பியர்தான் பாயும். மின்னோட்டம் கால் பங்கானால் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகும்: 0.03 வாட். ஒற்றைப் பட்டையை அதே அளவுச் செம்பாக மாற்றினாலும் 0.11 வாட் வரும். அதாவது, அமைப்பை மாற்றிய நிக்கல், பழைய அமைப்பிலுள்ள செம்பைவிடக் குளிர்ந்திருக்கும். பேக்கின் இரு கடைசிகளில் மட்டும், மொத்த மின்னோட்டமும் ஒன்றுசேரும் இடத்தில், தடித்த செம்புக் கம்பியை நிக்கல் பட்டைகளோடு செல்லுக்கு அப்பால் வைத்துச் சால்டர் செய்துகொள்ளலாம்.

உங்கள் பட்டை உண்மையில் நிக்கல்தானா என்பதையும் பாருங்கள். நிக்கல் பூசிய எஃகை நிக்கல் என்று விற்பவர்கள் ஏராளம். அதன் மின்தடை கணிசமாகக் கூடுதல். காந்தம் இரண்டையும் ஈர்ப்பதால் அதை நம்பிப் பயனில்லை. பட்டையை ஆழமாகக் கீறி உப்பு நீரில் ஓரிரு நாள் போட்டு வையுங்கள். கீறலில் துரு ஏறினால் அது எஃகு.

பட்டறைப்பித்தன்:

உருக்காமல் இணைக்கும் முறைகளைப் பற்றிய கேள்வி விடுபட்டுப் போயிற்று. திண்மநிலைப் பற்றவைப்பு எனப்படும் இம்முறை புதிய கண்டுபிடிப்பன்று. கொல்லன் உலையில் இரண்டு இரும்புத் துண்டுகளைச் செந்தழலாக்கிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவதும் அதுதான். தில்லி இரும்புத் தூணும் இரும்புக் கட்டிகளை அவ்வாறு அடித்துச் சேர்த்து உருவாக்கப்பட்டதே. எல்லா முறைகளிலும் அடிப்படை ஒன்று: மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தை உடைத்து விலக்கி, சுத்தமான உலோகத்தை உலோகத்தோடு அழுத்திச் சேர்த்தால், உருகாமலே அவை பிணைந்துகொள்ளும்.

மீயொலி முறையில் 20 முதல் 40 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வு மேற்பரப்புக்கு இணையாகத் தேய்த்து அந்தப் படலத்தை உடைக்கிறது. மின்தடை இங்கே பொருட்டே இல்லை என்பதால், ஸ்பாட் வெல்டிங்குக்கு அடங்காத செம்பும் அலுமினியமும் இதற்கு மிக எளிதாக இணங்குகின்றன. லித்தியம் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் செம்பு, அலுமினியத் தாள்களை முனைப் பட்டையோடு சேர்ப்பது பெரும்பாலும் இம்முறையில்தான். ஆனால் முடிந்த 18650 செல்லின் மேல் தடித்த பட்டையை வைத்து இப்படி அதிர்த்தால், கூடு முழுவதும் அதிர்ந்து உள்ளிணைப்புகள் தளரும் அபாயம் உண்டு. மெல்லிய அலுமினியக் கம்பியைக் குறைந்த ஆற்றலில் மீயொலியால் ஒட்டும் முறை வேறு. டெஸ்லா மாடல் எஸ் பேக்கில் ஒவ்வொரு செல்லையும் அப்படித்தான் இணைத்தார்கள். செல் பழுதானால் அந்தக் கம்பியே ஃபியூஸாக எரிந்து அறுந்துவிடும். அதற்கான இயந்திரம் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

உராய்வு முறை உங்களுக்குப் பயன்படாது. உருளைத் தண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றைச் சுழற்றி இணைப்பதற்கும், கேம்பிரிட்ஜில் உள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் 1991-இல் உருவான உராய்வுக் கலக்கல் முறையில் தடித்த அலுமினியத் தகடுகளை இணைப்பதற்கும் அது ஏற்றது. அந்த முறைகள் கேட்கும் அழுத்தத்தைச் செல்லின் கூடு தாங்காது.

மின்பேழை:

மிக்க நன்றி. தொடர் இணைப்பை நான்கு பட்டைகளாகப் பிரித்துப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு துணைக்கேள்வி: பை வகைச் செல்களில் (உலோகக் கூடு இல்லாமல் மெல்லிய உறையில் அடைத்தவை) ஒரு முனை அலுமினியம், மற்றொன்று நிக்கல் பூசிய செம்பு. தொடரில் இணைக்கும்போது அவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டியுள்ளதே, அங்கே ஸ்பாட் வெல்டிங் எடுபடுமா?

உலைக்களம்:

தவிர்த்துவிடுங்கள். அலுமினியமும் செம்பும் தனித்தனியே 660, 1085 டிகிரியில் உருகினாலும், இரண்டும் கலந்த இடத்தில் 548 டிகிரியிலேயே உருகல் தொடங்கிவிடும். ஆறும்போது செம்பும் அலுமினியமும் சேர்ந்த கடினமான, எளிதில் நொறுங்கும் சேர்மப் படலம் இடையில் உருவாகும். அன்றைக்குப் பிடித்ததுபோல் தோன்றும் இணைப்பு, வண்டியின் அதிர்வில் சில மாதங்களில் விரிசல் விடும். விரிசலில் மின்தடை ஏறும், அதனால் சூடும் ஏறும். அலுமினியக் கேபிளைச் செம்பு முனையத்தில் பொருத்துவதற்கான இருலோக லக்குகளை (கேபிள் நுனியில் மாட்டும் இணைப்புத் துண்டுகள்) உராய்வு முறையில் செய்வதற்கும் இதுவே காரணம். உருகல் இல்லாததால் அந்தப் படலம் மிக மெல்லியதாகவே நிற்கிறது.

மீயொலி இயந்திரம் கைவசம் இல்லையென்றால், அலுமினிய முனையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்த கையோடு, இரண்டு முனைகளுக்கும் இடையில் காற்றுப் புகாதபடி ஆக்சைடு தடுப்புப் பசையைத் தடவி, அகலமான தகடுகளுக்கு நடுவே போல்ட்டால் இறுக்குங்கள். செம்பின் மேலுள்ள நிக்கல் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அலுமினியப் பக்கத்தை மட்டும் நன்றாகத் தேய்த்தால் போதும். போல்ட்டின் அடியில் சுருள் வாஷர் ஒன்றும் இருக்கட்டும், அலுமினியம் நாளாவட்டத்தில் நசுங்கி இறுக்கம் குறையும்.