2022 ஒமிக்ரான் ஜனவரி: இன்னும் மனசை நெருடுற ஒரு காட்சி

லேப் கோட்:

அந்த மாசம் எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். கொரோனா ஆர்டிபிசிஆர் சோதனைக்கு மூணு ஜீன் பார்க்கிற டாக்பாத் கிட். திரையில மூணு கோடு மேல ஏறணும். ஓஆர்எஃப் ஜீன் 19-வது சுற்றுல ஏறுது (இந்தச் சுற்று எண்தான் சிடி, அது கூடினா வைரஸ் கம்மி), என் 20-ல ஏறுது, எஸ் மட்டும் கடைசிச் சுற்று வரைக்கும் தரையை விட்டு எழும்பவே இல்லை. மாசக்கணக்கா டெல்டாவையே பார்த்த கண்ணுக்கு கிட் கெட்டுப்போச்சுன்னுதான் தோணும். வைரஸ் இருக்குன்னு தெரிஞ்சே வைக்கிற பாசிட்டிவ் கன்ட்ரோல்ல மூணும் வந்திருந்தா கிட் மேல பழி இல்லை. ஒமிக்ரானோட ஸ்பைக்ல, அதாவது எஸ் ஜீன் தர்ற புரதத்துல, 69, 70-வது இடம் ரெண்டும் இல்லாம போயிருக்கு, ஜீனைத் தேடிப் பிடிக்கிற ப்ரோப் போய் ஒட்ட இடமில்லை, அவ்வளவுதான்.

நெருடுறது அதில்லை. அதே தட்டுல இன்னொரு சாம்பிள். என் 33, ஓஆர்எஃப் 34, எஸ் இல்லை. இதையும் "எஸ் விடுபட்டது" பட்டியல்ல ஏத்தியாச்சு. வைரஸ் கொஞ்சமா இருக்கிற சாம்பிள்ல எந்த ஜீன் வேணும்னாலும் காணாம போகும். மத்த ரெண்டும் 30-க்குள்ள இருந்தாத்தான் எஸ் வராததுக்கு ஒரு அர்த்தம். அதை மரபணு வரிசையைப் படிக்கிற சீக்வென்சிங்குக்கு அனுப்பியும் பிரயோஜனம் இல்லை, சிடி இவ்வளவு மேல போனா முழுசா படிக்க வராது. ஆக, அவர் ஒமிக்ரானா இல்லையான்னு கடைசிவரை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா டிசம்பர் கடைசியில அந்தப் பட்டியல்ல பேர் ஏறினா தனி வார்டு, வீட்டுல அத்தனை பேருக்கும் சோதனை. பக்கத்துக் கட்டத்துல இருந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தா போதும்.

மூணாவது ஷிஃப்ட்:

டயாலிசிஸ் யூனிட். 10 மெஷின், நாளைக்கு மூணு ஷிஃப்ட், 30 பேர். ஒரு மெஷினை பாசிட்டிவுக்குன்னு ஒதுக்கி மூலையில தள்ளியாச்சு. பாசிட்டிவ் ஆட்களை எப்பவும் கடைசி ஷிஃப்ட்லதான் ஏத்தணும், அவங்க போனதும் ஹைப்போ கிருமிநாசினி போட்டுத் துடைச்சு ராத்திரி முழுக்க அறையைக் காற்றாட விடலாம். மாலை 6 மணிக்கு ஏத்தினா 4 மணி நேரம், 10 மணிக்கு முடியும். ஜனவரி 6-லேருந்து இரவு ஊரடங்கு ஆரம்பிக்கிறதும் அதே 10 மணி.

ஊசி எடுத்ததும் எழுந்து ஓட முடியாது. டயாலிசிஸ் ஊசி குத்துற ஃபிஸ்டுலா ரத்தக்குழாய் இருக்கிற கையைப் பஞ்சு வைச்சு 10, 15 நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், பிபி பார்க்கணும். 10.25-க்குக் கேட் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில ஒரு பெரியவர், இடது கையைப் பிடிச்சபடி உட்கார்ந்திருக்கார். ஆட்டோ வரல. 108 அவசரத்துக்கு வரும், வீட்டுல கொண்டுபோய் விட வராது. அந்த நாற்காலிதான் கண்ணுலயே நிக்குது.

"அரை மணி முன்னாடியே இறக்கிட வேண்டியதுதானே"ன்னு சுலபமாச் சொல்லிடலாம். 60 கிலோ ஆளுக்கு உடம்புல தேங்கின 3 லிட்டர் தண்ணி எடுக்கணும்னு வைங்க. 4 மணி நேரத்துல மணிக்கு 750 மில்லி. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிங்கிற வரம்புப்படி அவருக்கு 780 வரை போகலாம், அதனால சரி. அதே 3 லிட்டரை மூன்றரை மணியில எடுத்தா 857, மூணு மணியில எடுத்தா 1000. பிபி விழும், கெண்டைக்கால் இழுக்கும், சிலருக்கு மயக்கமே வரும். குறைச்சு எடுத்து அனுப்பினா ரெண்டு நாள்ல மூச்சு வாங்கிட்டு எமர்ஜென்சிக்கு வருவாங்க. அதுக்குள்ள அஞ்சு டெக்னீஷியன்ல ரெண்டு பேர் பாசிட்டிவ், 7 நாள் வீட்டுல. தள்ளிப்போன முறைகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினா ஜனவரி 9, 16, 23 மூணு ஞாயிறும் முழு ஊரடங்கு, பஸ் கிடையாது.

பைப்லைன்:

மேல சொன்ன நாற்காலிக்கு நேர் எதிர்க் காட்சி ஒண்ணு. ஆக்சிஜன் டேங்க் பக்கத்துல வெள்ளைப் புகை, "உஸ்ஸ்"னு சத்தம். லீக்குன்னு நினைச்ச செக்யூரிட்டி, ஈரச் சாக்கை எடுத்துட்டு வால்வை அடைக்க ஓடுறார். அது லீக் இல்லை, பாதுகாப்பு வால்வு. திரவ ஆக்சிஜனை யாரும் உறிஞ்சாட்டி உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி அழுத்தம் ஏறும், வால்வு தானாத் திறந்து வெளியேத்தும். அதை அடைச்சா டேங்க்தான் ஆபத்து. அந்தப் புகை வர்ற நேரத்துல பக்கத்துல பைக் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, பீடி பத்தவைக்கக்கூடாது.

2021 மே மாசம் இதே டேங்க் எப்ப காலியாகும்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேஜைப் பார்த்தாங்க. மூக்கு வழியா ஆக்சிஜனை வேகமாத் தர்ற ஹைஃப்ளோ மெஷின் ஒண்ணு முழு அளவுல நிமிஷத்துக்கு 60 லிட்டர் இழுக்கும். பெரிய சிலிண்டர் 7,000 லிட்டர், ஒரு ஆளுக்கு ரெண்டு மணி நேரம்கூட வராது. அப்படிப் பத்துப் பேர் இருந்தா மணிக்கு 36,000 லிட்டர். திரவ ஆக்சிஜன் 1 லிட்டர் சுமார் 860 லிட்டர் வாயுவாகும், அதனால 1,000 லிட்டர் திரவம் சரியா ஒரு நாளைக்குத்தான். 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல தினசரித் தொற்று 30 ஆயிரத்தைத் தாண்டியும், போட்ட கட்டிலும் ரொப்பின டேங்கும் அப்படியே இருந்துச்சு. பற்றாக்குறை வேலை செய்ற ஆட்களுக்குத்தான்.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். காற்றுலேருந்து ஆக்சிஜன் பிரிக்கிற பிஎஸ்ஏ பிளான்ட் வைச்சிருக்கிறவங்க, தேவை இல்லைன்னு மாசக்கணக்கா நிறுத்திப் போடாதீங்க. உள்ளே இருக்கிற ஜியோலைட் ஈரத்தைக் குடிச்சா நைட்ரஜனைப் பிடிக்காது. அப்புறம் அவசரத்துக்கு ஆன் பண்ணினா தூய்மை 93 சதவீதத்துக்குப் பதிலா 80-ல நிக்கும். 90-க்குக் கீழ போனா பைப்லைன்ல விடவே கூடாது. வாரம் ஒரு தரமாவது ஓட்டி, மீட்டர்ல தூய்மை நிலையா நிக்கிற வரைக்கும் வெளியில விட்டு, அந்த அளவை நோட்ல எழுதுங்க. கம்ப்ரஸருக்குப் பின்னாடி இருக்கிற டிரையர் வேலை செய்யுதா, வடிகால் வால்வுல தண்ணி வருதான்னு பாருங்க. டிரையர் பழுதானதைக் கவனிக்காமத்தான் பாதி பிளான்ட் கெடுது. சிலிண்டர் வரிசையில ரெகுலேட்டர், வால்வு எதுலயும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. இறுகியிருக்குன்னு யாராவது தேங்காய் எண்ணெய் தடவ வந்தா கையைப் பிடிச்சுத் தடுங்க, தீப்பிடிக்கும்.

சைதை ரயிலடி:

லேப் கோட் சார், நீங்க பாதிதான் சொல்லியிருக்கீங்க. 30-க்குள்ள இருக்கணும்ங்கிறது சரி. ஆனா எஸ் வராட்டி ஒமிக்ரான், வந்தா டெல்டான்னு படிக்கிறவங்க எடுத்துக்குவாங்க. ஒமிக்ரான்லயே உள்வகைகள் உண்டு. பிஏ.1-லதான் அந்த 69-70 இல்லை. பிஏ.2-ல இருக்கு, மூணு கோடும் அழகா ஏறும். ஜனவரி கடைசியில பிஏ.2 கூடினப்போ "எஸ் வந்துடுச்சு, இது டெல்டா"ன்னு வார்டுல பேசினாங்க. டெல்டான்னு நினைச்சதால அந்த ஆன்ட்டிபாடி காக்டெய்ல் ஊசிக்குச் சீட்டு எழுதினது ஒண்ணு மறக்க முடியல. அதுல இருக்கிற காசிரிவிமாப், இம்டெவிமாப் ஒமிக்ரான்ல சரியாப் பிடிக்காது. அப்ப ஒரு டோஸ் கிட்டத்தட்ட 60 ஆயிரம் ரூபாய். அந்தக் குடும்பம் மோதிரத்தைக் கழட்டி அடகு வைச்சது.

மோல்னுபிராவிர்ங்கிற கொரோனா மாத்திரையும் அப்படித்தான் கைக்குக் கை போச்சு. 200 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு நாலு, ரெண்டு வேளை, அஞ்சு நாள், மொத்தம் 40. கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) தன் சிகிச்சைப் பட்டியல்ல அதைச் சேர்க்கவும் இல்லை.

லேப் கோட்:

பிஏ.2 பத்தி நீங்க சொன்னது சரிதான் சைதை. நான் எழுதினது டிசம்பர் கடைசி, அப்ப இங்க பிஏ.1 தான் கண்ணுல பட்டுது. ஆனா கிட்டை வைச்சு மருந்து எழுதினது லேபோட தப்பு இல்லை. எஸ் கோடு, எந்தச் சாம்பிளைச் சீக்வென்சிங்குக்கு அனுப்பலாம்னு பொறுக்க மட்டும்தான். ரிப்போர்ட்ல அதைப் போடவே வேண்டாம்னு சொல்றவங்க கட்சி நான்.

கட்டுத்தறி:

2022 ஜல்லிக்கட்டு. அவனியாபுரம் 14, பாலமேடு 15, அலங்காநல்லூர் 16-ல நடக்க வேண்டியது, ஞாயிறு முழு ஊரடங்கால 17 திங்கள்னு மாறிச்சு. அந்த வருஷ கொரோனா விதி: ரெண்டு டோஸ் சான்று, 48 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ், காளையோட உரிமையாளரும் கூட ஒரு உதவியாளரும் மட்டும், பார்வையாளர் 150 பேர் இல்லாட்டி இருக்கையில பாதி, எது குறைவோ அது.

இந்த 48 மணி நேரம்தான் சிக்கல். சான்றுல சாம்பிள் எடுத்த நேரம் ஒண்ணு, லேபுக்கு வந்த நேரம் ஒண்ணு, முடிவு வந்த நேரம் ஒண்ணு. தெற்கே ஒரு வாடிவாசல்ல, காளைக்கு மருத்துவச் சோதனை முடிஞ்சு, கொம்பு அளந்து, டோக்கன் எல்லாம் சரி. கயிற்றைப் பிடிச்சு நின்ன பையனோட சான்றுல முடிவு வந்தது 40 மணி நேரம் முன்னாடி, சாம்பிள் எடுத்தது 61 மணி நேரம் முன்னாடி. ஒரு மேசையில விட்டாங்க, அடுத்த மேசையில நிறுத்தினாங்க. வருஷம் முழுக்க வளர்த்த மாடு, அவன் வாசனை இல்லாம வரிசையில நகர மாட்டேங்குது. காலால மண்ணைப் பறிச்சுட்டே நிக்குது.

எண்ண வேண்டியது சாம்பிள் எடுத்த நேரத்துலேருந்துதான். மூக்குல குச்சி விட்ட அந்த நிமிஷத்துக்குத்தான் அந்த நெகட்டிவ் பொருந்தும். அதுவும் ஒமிக்ரான் மூணு நாள்ல வெளிய தெரிஞ்சுடும். 13 அன்னைக்கு தொத்தினவன் 15-ல நெகட்டிவா இருக்கலாம், 17 காலையில வாடிவாசல்ல பரப்பலாம். பண்டிகை நாள்ல லேப் முடிவு வர ஒரு நாள் ஆகும்னு வைச்சுக் கணக்குப் போட்டா, திங்கள் காலை நிகழ்ச்சிக்குச் சாம்பிள் கொடுக்க மிஞ்சுறது மாட்டுப்பொங்கல் சனிக்கிழமை பகல் மட்டும்தான். ஊருக்கே ஆள் அனுப்பி அன்னைக்கு ஒரே இடத்துல எடுத்த ஊர்ல குழப்பம் வரல. ஒவ்வொருத்தரும் தனித்தனி லேபுக்கு ஓடின ஊர்லதான் வந்துச்சு.

டச்லைன்:

ஜனவரி 23, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்து, இந்தியா – சீன தைபே. அணியில தொற்று பரவி, பட்டியல்ல காட்ட 13 பேர் தேறல. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு விதிப்படி விலகினதாவே ஆச்சு, மூணு நாள் முன்னாடி ஈரானோட ஆடின 0-0 ஆட்டமும் கணக்குலேருந்து போச்சு. நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்த அணி. சொந்த மண்ணுல, உலகக் கோப்பைக்குப் போற வாய்ப்போட ஆடின தொடர். அதே வாரம் 19-ஆம் தேதி, டிரினிடாட்ல 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பை. கேப்டன் யாஷ் துல், துணைக் கேப்டன் ஷேக் ரஷீத் உட்பட ஆறு பேர் தனிமையில, 17 பேர்ல மிஞ்சினது சரியா 11. அயர்லாந்தை ஜெயிச்சாங்க, பிப்ரவரி 5-ல கோப்பையையும் எடுத்தாங்க. ஒரே வைரஸ். கிரிக்கெட்ல பதினொண்ணு தேறிச்சு, கால்பந்துல பதிமூணு தேறாம ஒரு தொடரே போச்சு. அந்த ரெண்டு எண்ணும் இன்னும் உறுத்துது.

ஊர் கிளப் பயிற்சியாளர்கள் இதைப் படிக்கிறதால ஒரு விஷயம். 7 நாள் தனிமை முடிஞ்சதும் பையனை நேரா மேட்ச்ல இறக்கினதைப் பல இடத்துல பார்க்க முடிஞ்சது. 7 நாள்ங்கிறது மத்தவங்களுக்குத் தொத்தாம இருக்க. இதயத் தசையில வீக்கம் இருக்கான்னு அது சொல்லாது. அப்ப இருந்த வழிகாட்டல் இது: மொத்தம் 10 நாள் ஓய்வு, அதுல கடைசி 7 நாள் எந்த அறிகுறியும், மாத்திரையும் இல்லாம இருக்கணும். அப்புறம் ரெண்டு நாள் நடை, மெதுவான சைக்கிள், 15 நிமிஷம், நாடித்துடிப்பு உச்சத்துல 70 சதவீதத்தைத் தாண்டாம. 20 வயசுப் பையனுக்கு உச்சம் 200-ன்னு வைங்க, 140-க்குள்ள. அடுத்த நாள் எளிய ஓட்டம் 30 நிமிஷம், 160-க்குள்ள. அதுக்கடுத்த நாள் 45 நிமிஷம், பந்தோட. அப்புறம் ரெண்டு நாள் 60 நிமிஷ வழக்கமான பயிற்சி. எந்தக் கட்டத்துலயாவது நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மீறின மூச்சிரைப்பு வந்தா அன்னைக்கே நிறுத்தி ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தச் சோதனை, எக்கோ. காலையில படுக்கையை விட்டு எழும்பும் முன்னாடி நாடி எண்ணச் சொல்லுங்க. பழைய அளவைவிட 10 கூடியிருந்தா அன்னைக்கு ஏத்த வேண்டாம். டோர்னமென்ட் தேதி நெருங்குதுன்னு ரெண்டு கட்டத்தை ஒண்ணாச் சேர்க்கிறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

கட்டுத்தறி:

டச்லைன் அண்ணே, மாடுபிடி வீரர்களுக்கும் இதேதானா? அவங்க 15 நிமிஷம் சைக்கிள் ஓட்ட மாட்டாங்க.

டச்லைன்:

இதேதான் தம்பி. திமிலைப் பிடிச்சுத் தொங்குற அந்தச் சில நொடியில நாடி உச்சத்துக்கே போயிடும், அதனால அவங்களுக்கு இன்னும் கண்டிப்பா. சைக்கிளுக்குப் பதிலா வரப்புல நடை, மணல்ல ஓட்டம். நாடியைக் கழுத்துல விரல் வைச்சு 15 விநாடி எண்ணி நாலால பெருக்கினா போதும்.

சைதை ரயிலடி:

மூணாவது ஷிஃப்ட் அக்கா, அந்தப் பெரியவர் எப்படிப் போனார்? இந்த மாதிரி நேரத்துல ஊரடங்குல போலீஸ் நிறுத்தினா காட்ட, கையில என்ன சீட்டு கொடுக்கணும்?

மூணாவது ஷிஃப்ட்:

யூனிட் டிரைவர் வேற ஒருத்தரை விட்டுட்டுத் திரும்பி வந்து கூட்டிட்டுப் போனார், 11.20 ஆச்சு. அதுக்கப்புறம் ஏத்துற முன்னாடியே சீட்டு எழுதி வைச்சோம். நோயாளி பேர், டயாலிசிஸ் அட்டை எண், வாரத்துல எந்தெந்தக் கிழமை, முடியும் நேரம், கூட வர்ற ஒருத்தர் பேர், வண்டி எண், டியூட்டி டாக்டர் கையெழுத்து, சீல். வண்டி எண் இல்லாத சீட்டை வைச்சு நோயாளியை விட்டாங்க, திரும்பிப் போற ஆட்டோவை நிறுத்தினாங்க. அதனால ஓட்டுநருக்குத் தனியா ஒரு நகல். பாசிட்டிவ் ஷிஃப்டை 5 மணிக்கு ஏத்த ஆரம்பிச்சோம். அதுக்காக நடு ஷிஃப்டை 11.30-க்குத் தொடங்கி, நடுவுல துடைக்க முழுசா ஒரு மணி நேரம் விட்டோம். 5 சதவீத ஹைப்போ 1 லிட்டருக்குத் தண்ணி 4 லிட்டர், தினம் புதுசா கலக்கணும். நேத்து கலந்தது வீரியம் போயிருக்கும். மெஷினோட உலோகப் பாகத்துக்கு ஹைப்போ வேண்டாம், 70 சதவீத ஸ்பிரிட்.

ஜனவரி 28-ல இரவு ஊரடங்கு போனதும் சீட்டு தேவைப்படல. சாயங்காலம் 5 மணிக்கு ஏத்துறதை மட்டும் அப்படியே வைச்சுக்கிட்டோம்.