பழத்தில் ஒரு கீறல்

இந்த இழையில் பலரும் காட்டில் தனித்து அமர்ந்திருந்தபோது கிடைத்த அமைதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் சற்று வேறு விதமானது. இயற்கையோடு எனக்குள்ள பிணைப்பு தனிமையில் புலப்படவில்லை. ஒரு வன விகாரையில், அதாவது காட்டிலுள்ள பௌத்த மடத்தில், பிக்குகளுக்கு உணவு அளிக்கும் வேளையில், பிறரோடு சேர்ந்து நின்றபோதுதான் புலப்பட்டது.

பௌத்தத்தின் தேரவாத மரபைச் சேர்ந்த அந்த விகாரைக்கு, பிக்குகள் ஓரிடத்திலேயே தங்கும் மழைக்கால வசிப்பின்போது போயிருந்தேன். தியானம் பழகுவதே நோக்கம். சமையலறைப் பொறுப்பு தானாக வந்து சேர்ந்தது. முதன்முறையாகப் பழத்தட்டை ஏந்திக்கொண்டு மூத்த பிக்குவின் முன் மண்டியிட்டபோது அவர் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "கப்பியம் கரோஹி" (தகுந்ததாக்கு) என்று பாலியில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அருகிலிருந்த வயதான உபாசகி (இல்லறத்தில் இருக்கும் பெண் பக்தர்) என் கையில் ஒரு சிறு கத்தியைத் திணித்து, "ஒரு பழத்தில் லேசாகக் கீறிக்கொண்டே 'கப்பியம் பந்தே' என்று சொல்லுங்கள், தம்பி" என்றார். ஆரஞ்சின் தோலில் கத்தி முனை பட்டதும் மெல்லிய மணம் எழுந்தது. பிக்கு தட்டைப் பெற்றுக்கொண்டார்.

முளைக்கக்கூடிய விதையுள்ள பழத்தைப் பிக்கு உண்ண வேண்டுமானால், பிக்கு அல்லாத ஒருவர் அதைக் கத்தியாலோ நெருப்பாலோ நகத்தாலோ தொட்டு, உண்ணத் தகுந்ததாக ஆக்கித் தர வேண்டும் என்று அந்த அம்மா பிறகு விளக்கினார். பழங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே குவியலாக இருந்தால் ஒன்றைக் கீறினாலே போதுமாம். செடிகொடிகளுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்ற, வினயத்தின் (பிக்குகளின் ஒழுக்க நெறித் தொகுப்பின்) விதியிலிருந்து கிளைத்த வழக்கம் இது. பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது, உயிரினங்கள் இருப்பது தெரிந்தும் அந்த நீரைப் பருகக் கூடாது. அதனால்தான் அவருக்கு உரிய எட்டுப் பொருள்களில் நீர் வடிகட்டியும் ஒன்றாக இருக்கிறது. பிறர் கையால் தராத உணவை அவர் உண்ணவும் கூடாது.

இவற்றையெல்லாம் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. செடியைக் காக்கும் விதி, அதைக் கடைப்பிடிக்கிறவரை அண்டை அயலாரை நம்பி வாழ வைக்கிறது. பழத்தைத் தானே பறித்துக்கொள்ள முடியாத ஒருவர் ஊரை விட்டு முற்றிலும் விலகிப் போய்விட முடியாது. அவருக்குத் தினமும் யாராவது வேண்டும், அந்த யாரோவுக்கும் தினமும் தம்மம் (புத்தரின் போதனை) கேட்கும் வாய்ப்பு அமைகிறது. எதுவும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்னும் சார்பிற்றோற்றம் குறித்து நான் வாசித்திருந்த விளக்கங்கள் பலவற்றைவிட அந்தக் கத்திக் கீறல் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. மேகமின்றி மழையில்லை, மழையின்றி மரமில்லை, மரமின்றிக் காகிதமில்லை என்று காகிதத்தில் மேகத்தைக் காணச் சொன்ன வியட்நாமியத் துறவி திக் நியட் ஹானின் போதனையை இங்கே ஒருவர் நினைவுகூர்ந்திருந்தார். அது அழகானதுதான்; ஆனால் எனக்கு அப்படிப் பார்த்து உணரும் பக்குவம் இல்லை, கையால் ஏதாவது செய்தால்தான் புரிகிறது.

மழைக்கால வசிப்பின் தோற்றமும் இதையே காட்டுகிறது. மழையில் முளைத்த பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு பிக்குகள் அலைவதைப் பொதுமக்கள் குறை கூறியதால்தான், மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் நடைமுறையைப் புத்தர் ஏற்படுத்தினார் என்று வினயம் சொல்கிறது. புல்லுக்காகப் பேசியது ஊர். பிற்காலத்தில் தாய்லாந்தில் காடழிப்பைத் தடுக்கப் பிக்குகள் மரங்களுக்குக் காவி ஆடை சுற்றி 'துறவு' அளித்தபோதும் கிராம மக்கள் உடன் நின்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் துணியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விகாரையில் விடியற்கால நடைத் தியானம் வரிசையாக நடக்கும். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் பாதையெங்கும் மரவட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் செல்பவர் நின்று வலக்கையைச் சற்றுத் தாழ்த்திக் காட்டுவார். பின்னால் வருபவர் அதைப் பார்த்து அப்படியே செய்வார். சைகை வரிசையின் கடைசி வரை போய்ச் சேரும். எனக்கு முன்னால் நின்றவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில் நிற்கும்போதும், எங்கோ ஓர் உயிர் பாதையைக் கடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தனியாக நடந்திருந்தால் அந்தப் பூச்சியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இப்போது நாங்கள் சிலர் பௌர்ணமிதோறும் ஒரு சிறிய மண்டபத்தில் கூடித் தியானம் செய்கிறோம். அதன் கூரை மரத்தில் கரையான் ஏறிவிட்டது. மருந்து அடிக்கலாம் என்று ஒரு தரப்பு. கொல்லாமை விரதம் ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குகிறவர்கள் எப்படி அடிப்பது என்று இன்னொரு தரப்பு. காரசாரமாகவே பேசினோம். கடைசியில், அரித்த மரங்களை அகற்றித் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இரும்புச் சட்டம் பொருத்துவது என்று முடிவாகியிருக்கிறது. செலவு அதிகம், கரையான் திரும்பி வராது என்ற உறுதியும் இல்லை. தியான மண்டபங்களைப் பராமரித்த அனுபவமுள்ளவர்கள், மண்ணோடு ஒட்டும் அடித்தளத்தில் மருந்தில்லாமல் கரையானைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.